"உமி" டிரெய்லரும் ஒரு காணவில்லை போஸ்டரும்

போன ஞாயித்துக்கிழமை மதியம். வயிறு முட்ட சாப்பிட்டுட்டு கண்ணை அசத்துற நேரம். சித்தி பையன்கிட்ட இருந்து வாட்ஸப்.

"அண்ணா, எங்க டிரெய்லர் ரெடி. பாத்துட்டு உண்மையா சொல்லுங்க."

இந்த "உண்மையா சொல்லுங்க" இருக்கே, அதுதான் வில்லங்கம். குறும்படம் எடுத்தவன், கவிதை எழுதினவன், புது கார் வாங்கினவன், எவன் கேட்டாலும் நம்மகிட்ட ரெடிமேடா ஒரு பதில் இருக்கும்: "சூப்பர்டா". நாமளே ஒருத்தருக்கொருத்தர் "அருமை நண்பரே" போட்டு வளர்ந்த கூட்டம்தானே :) ஆனா இந்த தடவை அப்படிச் சொல்லிட்டுத் தூங்கப் போக முடியல. ஏன்னு சொல்றேன்.

தம்பி திருச்சியில விஸ்காம் மூணாவது வருஷம். கடைசி ப்ராஜெக்ட். முழுப்படம் எடுக்க வேண்டாம். இல்லாத ஒரு படத்துக்கு டிரெய்லர், போஸ்டர், விளம்பரத்துக்கு வேண்டிய மத்த சமாச்சாரங்கள் எல்லாம் பண்ணணும். அஞ்சு பேர் டீம். நாலு பசங்க, ஒரு பொண்ணு. நாளைய இயக்குநர்ல இருந்து வந்த கார்த்திக் சுப்பராஜ் 2012ல "பீட்சா" எடுத்ததுல இருந்து, முதல் படம்னா பேய்ப்படம்தான்னு விஸ்காம் பசங்க முடிவே பண்ணிட்டாங்க போல. தப்பில்லை. ஒரு பழைய கட்டடம், நாலு நண்பர்கள், கொஞ்சம் இருட்டு போதும். வேற எந்த வகைப் படத்தையும் இவ்வளவு சல்லிசா எடுக்க முடியாது.

இவங்களுக்குக் கிடைச்சது மூடிக் கிடக்கிற ஒரு ரைஸ் மில். படத்தோட பேர் "உமி". பேரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நல்ல பேரு. ரெண்டே எழுத்து. எல்லா ஊர்லயும் இருக்கிற பொருள், ஆனா எந்தப் பேய்ப்படத்துலயும் நான் பார்த்ததில்லை.

அப்புறம் டிரெய்லரை ஓட விட்டேன்.

2 நிமிஷம் 40 செகண்ட். முதல் அரை நிமிஷம் டிரோன்ல மில்லைச் சுத்திக் காட்டுறாங்க. அடுத்து நண்பர்கள் ஜாலியா வண்டியில வர்றாங்க, ஒருத்தன் காமெடி பண்றான். "மச்சி, இங்க எதுவோ சரியில்லடா." 1 நிமிஷம் 10 செகண்ட்ல பேய் வந்துடுது. வெள்ளைப் புடவை, முகத்துல பவுடர், முன்னாடி விழுந்த முடி. அதுக்கப்புறம் ஏழு தடவை "டொய்ங்". நான் எண்ணினேன். பேய் யாரு, ஏன் செத்தா, யாரு கொன்னாங்க எல்லாத்தையும் டிரெய்லர்லயே சொல்லிடுறாங்க. தலைப்பு வந்து முடிஞ்சதுன்னு நினைச்சா, கடைசியா இன்னொரு "டொய்ங்". எட்டு.

பயமே வரல. ரெண்டாவது "டொய்ங்"குக்குப் பிறகு என் விரல் தானா வால்யூமைக் குறைச்சுடுச்சு.

ஆனா நடுவுல 4 செகண்ட் ஒரு ஷாட் இருக்கு. மில்லுக்குள்ள ஒரு உமிக் குவியல். ஆள் உயரம். யாரும் இல்ல, மியூசிக் இல்ல. குவியலோட ஒரு பக்கம் மட்டும் லேசா சரியுது. அவ்வளவுதான். உள்ள ஏதோ மூச்சு விட்ட மாதிரி. மதியம் ரெண்டரை மணி வெயில்ல, ஃபேன் ஓடுற ரூம்ல எனக்குச் சில்லுனு ஆச்சு.

போன் போட்டேன். "டேய், அந்த உமி ஷாட் யாருடா எடுத்தது?"

"அது சும்மா ஃபில்லர்ணா. கேமரா ஆன்ல இருந்துச்சு, தானா சரிஞ்சுது."

அடப்பாவி. டீமோட சிறந்த ஷாட்டை எடுத்தது புவியீர்ப்பு விசை.

நான் சினிமா படிச்சவன் இல்ல. பொறியியல் படிச்சுட்டு அடுத்தவன் எழுதின கோட்ல தப்பு கண்டுபிடிச்சு சம்பளம் வாங்குறவன். ஆனா பேய்ப்பட டிரெய்லர்களை இருபது வருஷமா பார்த்துட்டு வர்றேன். அந்த தைரியத்துல சொல்றேன். டிரெய்லரோட வேலை பயமுறுத்துறது இல்ல. தியேட்டருக்கு வந்தா பயமுறுத்துவோம்னு வாக்கு கொடுக்கிறது. வாக்குறுதியையும் சரக்கையும் சேர்த்தே கொடுத்துட்டா, அப்புறம் டிக்கெட் எதுக்கு?

1960ல "சைக்கோ"வுக்கு ஹிட்ச்காக் ஒரு டிரெய்லர் பண்ணினார். ஆறு நிமிஷத்துக்கும் மேல ஓடும். ஊர் சுத்திக்காட்டுற கைடு மாதிரி அவரே அந்த வீட்டையும் மோட்டலையும் சுத்திக்காட்டுவார். இங்கதான் நடந்தது, இந்தப் படிக்கட்டுலதான்னு ஆரம்பிப்பார், பாதியில நிறுத்திட்டு அடுத்த ரூமுக்குப் போயிடுவார். கடைசியில குளியலறைத் திரையை இழுப்பார், ஒரு பொண்ணு அலறும், முடிஞ்சது. அந்த அலறுற முகம்கூட படத்துல அங்க குளிக்கிற ஜானெட் லீ கிடையாது, வேரா மைல்ஸ். முக்கியமான எதையும் வெளிய விடல மனுஷன்.

1980ல "தி ஷைனிங்". குப்ரிக் டிரெய்லருக்குக் கொடுத்தது ஒரே ஒரு ஷாட். மூடின லிப்ட் கதவு. மேல எழுத்துக்கள் ஓடிட்டே இருக்கும். அப்புறம் ரத்தம், வெள்ளம் மாதிரி. யாரோட ரத்தம், ஏன், எதுவும் கிடையாது.

2009ல "பாராநார்மல் ஆக்டிவிட்டி". இதை எடுத்த ஓரன் பெலி நம்ம இனம், வீடியோ கேம் எழுதுற புரோகிராமர் :) சான் டியாகோவுல தன் சொந்த வீட்டுலயே ஏழு நாள்ல, சுமார் 15,000 டாலர்ல எடுத்து முடிச்சார். அந்த டிரெய்லர்ல படத்தை விட அதிகமா ஞாபகம் நிக்கிறது தியேட்டர்ல உட்கார்ந்திருந்த ஜனங்களோட முகம்தான். இருட்டுல பச்சை வெளிச்சத்துல, ஒருத்தர் தோள்ல ஒருத்தர் முகத்தைப் புதைச்சுக்கிறாங்க. இவங்க எதைப் பார்த்து இப்படி அலறுறாங்கன்னு தெரிஞ்சுக்கணும்னா டிக்கெட் எடு. உங்க ஊருக்குப் படம் வரணும்னா இணையத்துல ஓட்டுப் போடுங்கன்னு வேற சொன்னாங்க. 10 லட்சம் ஓட்டு விழுந்தது. உலகம் முழுக்க 19 கோடி டாலருக்கு மேல வசூல்.

மூணு பேரும் செஞ்சது ஒண்ணுதான். மறைச்சாங்க.

அதனால தம்பிக்கு நான் எழுதின ரிவ்யூ இதுதான். டிரோனைத் தூக்கு. காமெடியைத் தூக்கு. பேயை முழுசாத் தூக்கு. 40 செகண்ட் போதும். நெல்லு அரைக்கிற மிஷின் சத்தம் மட்டும், படம் கறுப்பு. சத்தம் டக்குனு நிக்கட்டும். உமிக் குவியல். சரியுது. "உமி"ன்னு பேர். முடிஞ்சது. அந்த எட்டு "டொய்ங்"கையும் டெலீட் பண்ணு, ரீசைக்கிள் பின்லகூட வச்சிருக்காத.

போஸ்டர்? அஞ்சு பேர் தலையும் ஆகாசத்துல மிதக்குது, கீழ சின்னதா மில்லு, மேல ரத்தம் சொட்டுற எழுத்து. படம் உமியைப் பத்தி, போஸ்டர்ல ஒரு பொட்டு உமி இல்ல. பத்துக்கு ரெண்டு. அந்த ரெண்டும் பேருக்காக.

இதுவரைக்கும் எல்லாம் சாதாரண ரிவ்யூதான். அடுத்து அவன் அனுப்பின ஃபைல்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

ஏ4 சைஸ். கறுப்பு வெள்ளை. ஜெராக்ஸ் எடுத்து எடுத்து மங்கின மாதிரி. மேல கொட்டை எழுத்துல "காணவில்லை". நடுவுல டீம்ல இருக்கிற பொண்ணோட பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அவளோட உண்மையான பேர், வயசு, உயரம், மாநிறம், கடைசியா உடுத்தியிருந்தது பச்சை நிற சுடிதார், கடைசியா பார்த்த இடம் அந்த மில் இருக்கிற ஊர். தகவல் தெரிந்தால் தொடர்பு கொள்ளவும்னு ஒரு செல் நம்பர். படத்தோட பேர் எங்கயும் இல்ல. இதை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒட்டணும், வாட்ஸப்ல விடணும். நம்பருக்கு யாராவது கூப்பிட்டா மில்லு சத்தமும் யாரோ மூச்சு விடுற சத்தமும் கேட்கும். இதுதான் பிளான்.

ஒத்துக்கிறேன், அவங்க செஞ்சதுலயே உருப்படியானது அதுதான். இது தெரு பாஷை. பஸ் ஸ்டாண்டு சுவத்துல, டீக்கடை ஷட்டர்ல நாம தினம் பார்த்துட்டு, ஒரு செகண்ட் நின்னு, மனசு கனத்து, நகர்ந்து போற அதே காகிதம். எழுத்துரு, இடைவெளி, அந்த "மாநிறம்" வரைக்கும் அச்சு அசல். பத்துக்கு ஒன்பது கொடுப்பேன். ஆபீஸ் பாஷையில சொன்னா, எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆகி, ஆனா ரிலீஸே பண்ணக் கூடாத பில்டு.

"பிளேர் விட்ச்ல இப்படித்தான்ணா பண்ணாங்க. சார் கிளாஸ்ல சொன்னாரு. கேஸ் ஸ்டடி."

உண்மைதான். டேனியல் மிரிக், எட்வார்டோ சான்செஸ் ரெண்டு பேரும் மத்திய புளோரிடா பல்கலைக்கழகத்துல சினிமா படிச்சவங்க. 1997 அக்டோபர்ல மேரிலேண்ட் காட்டுக்குள்ள எட்டே நாள்ல "தி பிளேர் விட்ச் பிராஜெக்ட்" எடுத்தாங்க. ஹீதர் டோனஹ்யூ, ஜோஷுவா லெனர்ட், மைக்கேல் வில்லியம்ஸ்னு மூணு நடிகர்கள். மூணு பேரும் சொந்தப் பேர்லயே நடிச்சாங்க. ஒரு சூனியக்காரியைப் பத்தி ஆவணப்படம் எடுக்கப் போன மாணவர்கள் காணாமப் போயிட்டாங்க, அவங்க கேமரா மட்டும் கிடைச்சதுன்னு கதை. 1998லயே இணையதளம் ஆரம்பிச்சு, போலி போலீஸ் ரிப்போர்ட், போலி வரலாறு எல்லாம் போட்டாங்க. 1999 ஜனவரியில சன்டான்ஸ் விழாவுல "காணவில்லை" நோட்டீஸ் கொடுத்தாங்க. ஆர்டிசன் நிறுவனம் 11 லட்சம் டாலருக்கு வாங்கினது. ஐ.எம்.டி.பி. தளத்துல மூணு நடிகர்கள் பேர்லயும், காணவில்லை, இறந்திருக்கலாம்னு போட்டிருந்தது. வசூல் உலகம் முழுக்க கிட்டத்தட்ட 25 கோடி டாலர்.

கேஸ் ஸ்டடி பொதுவா இதோட முடிஞ்சுடும். தம்பிக்கு இதுக்கு மேல தெரியல. நான் மிச்சத்தைச் சொன்னேன்.

ஹீதரோட அம்மாவுக்கு அனுதாபக் கடிதங்கள் வந்தது. பொண்ணு உயிரோட இருக்கா, ஊர்ல யார் யாரோ துக்கம் விசாரிக்கிறாங்க. படம் ஓட்டமா ஓடினப்போ, நடிச்சவங்க செத்துட்டாங்கன்னு ஊர் நம்பணுமே, அதனால அவங்களால வெளிய வந்து "நான்தான் நடிச்சேன்"னு அனுபவிக்கவும் முடியல. அது நடிப்பே இல்லைன்னு நினைச்சவங்க பாதி, கேவலமான நடிப்புன்னு ராஸி விருது கொடுத்தவங்க மீதி. ஹீதர் சில வருஷத்துல சினிமாவையே விட்டுட்டாங்க. பின்னாடி தன் பேரையே மாத்திக்கிட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, படம் எடுத்துக்கிட்டது அவங்களோட பேரை. 2024ல, 25 வருஷம் கழிச்சு, மூணு பேரும் சேர்ந்து லயன்ஸ்கேட் நிறுவனத்துக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினாங்க. எங்களுக்குச் சேர வேண்டிய பங்கைக் கொடுங்க, எங்க பேர், எங்க முகத்தை வச்சு இனி ஏதாவது பண்ணினா எங்களைக் கேட்டுட்டுப் பண்ணுங்கன்னு. கதை நடக்கிற பர்கிட்ஸ்வில் நிஜமான ஊர். சின்ன ஊரு. அதோட பெயர்ப்பலகையைக்கூட ரசிகர்கள் திருடிட்டுப் போனாங்க.

எனக்கு அந்தப் படம் பிடிக்கும். இப்பவும் தனியா பார்க்க மாட்டேன். ஆனா அதுல ரெண்டு விஷயம் கலந்திருக்கு. கடைசி வரைக்கும் அந்தச் சூனியக்காரியைக் காட்ட மாட்டாங்க. அது மறைக்கிறது. நடிச்சவங்க செத்துட்டாங்கன்னு சொன்னாங்க. அது பொய் சொல்றது. பணம் கொட்டினதுல பொய்க்கும் பங்கு இருக்கு, இல்லைன்னு சொன்னா நான்தான் பொய்யன். ஆனா படம் இன்னைக்கும் பயமுறுத்துதே, அது மறைச்சதால. பொய் ஒரு தடவை வேலை செஞ்சது, அதுக்கான பில்லு வேற ஒருத்தர் வீட்டுக்குப் போச்சு.

மறைக்கும்போது பார்க்கிறவனுக்கு இது விளையாட்டுன்னு தெரியும், தெரிஞ்சே பயப்படுறான். பொய் சொல்லும்போது அவனுக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டுல நின்னு அந்த நம்பரைக் குறிச்சுக்கிற அம்மா, நிஜமாவே ஒரு பொண்ணைத் தேடி ஃபார்வர்டு பண்ணப் போறாங்க. அதுவும் வாட்ஸப். நம்ம ஃபேமிலி குரூப்லயே, கிடைச்சு வீடு வந்து சேர்ந்த குழந்தையோட போட்டோ வருஷக்கணக்கா சுத்திட்டு இருக்கு. ப்ராஜெக்ட்டுக்கு மார்க் போட்டு முடிச்ச பிறகும் அந்தப் பொண்ணு காணாமப் போனவளாவே இருப்பா. நாளைக்கு வேலைக்கு எடுக்கிறவன் பேரைத் தேடினா முதல்ல வர்றது அதுவா இருக்கலாம். நிஜமா ஒருத்தங்க தேடி ஒட்டுற நோட்டீஸைப் பார்த்து, "ஏதோ பட விளம்பரம்டா"ன்னு ஒருத்தன் நகர்ந்து போறதும் இதோட சேர்ந்ததுதான்.

"அந்தப் பொண்ணுகிட்ட கேட்டீங்களாடா?"

"அவதான்ணா ஐடியாவே குடுத்தா."

இதை நான் எதிர்பார்க்கல. அவளும் அப்போ லைன்ல வந்துட்டா. "எனக்கு ஓகேதான்ணா. ஒரு வாரம்தானே?"

ஹீதரும் ஒத்துக்கிட்டுதான் சொந்தப் பேர்ல நடிச்சாங்கம்மான்னு சொன்னேன். ஒத்துக்கிட்டது எட்டு நாள் ஷூட்டிங்குக்கு. 25 வருஷத்துக்கு யாரும் கேட்கவும் இல்ல, சொல்லவும் இல்ல. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "உங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்ல. "எங்க ஊருக்கும் அந்த பஸ் ஸ்டாண்டுல இருந்துதான்ணா பஸ்" அப்படின்னா.

சரி, இதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். நல்ல ஐடியாவைக் கொன்னுட்டோமேன்னு எனக்கே சங்கடம். தம்பி வேற ரெண்டு நாளா பேசல. ("அண்ணா ரொம்ப ஓவரா அட்வைஸ் பண்றாரு"ன்னு சித்திகிட்ட சொல்லியிருக்கான். நியாயம்தான். 28 வயசுலயே மாமா ஆயிட்டேன்.)

புதன்கிழமை ராத்திரி புது ஃபைல் வந்தது. அந்தப் பொண்ணுதான் மாத்தியிருக்கா. அதே ஏ4. அதே மங்கல். அதே "காணவில்லை". ஆனா போட்டோ இருக்க வேண்டிய கட்டம் காலி. கீழ: இந்த மில்லில் கடைசியாக வேலை பார்த்தவர். பெயர் யாருக்கும் நினைவில்லை. வயது தெரியாது. கடைசியாக உடுத்தியிருந்தது, உமி. அடியில தெளிவா "உமி - மாணவர் திரைப்பட விளம்பரம்"னு ஒரு வரி. போன் நம்பர் கிடையாது.

பழசை விட இது பயமா இருக்கு. அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்துட்டே இருந்தா நமக்குத் தெரிஞ்ச ஏதோ ஒரு முகம் வந்து உட்காருது. பொய்யை எடுத்துட்டா, மறைக்கிறதுக்கு இடம் நிறைய கிடைக்குது போல. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது இருபது வயசுப் பொண்ணு.

உங்கள்ல யாராவது படிக்கிற பசங்க ப்ராஜெக்ட்டுக்கு ரிவ்யூ பண்ணினா, "சூப்பர்டா" சொல்றதுக்கு முன்னாடி இதையும் ஒரு தடவை பாருங்க. எடிட்டிங், கலரு, பி.ஜி.எம். எல்லாம் அடுத்த படத்துல தானா வந்துடும். இந்த விளம்பரத்தால ராத்திரி தூக்கம் கெடப்போறது காசு கொடுத்து டிக்கெட் எடுத்தவனா, சம்பந்தமே இல்லாத யாரோட அம்மாவாவா? அதை மட்டும் இப்பவே கேட்டு வைக்கணும்.

டிரெய்லர் இன்னும் முடியல. பேயைத் தூக்க நாலு பசங்கள்ல மூணு பேர் சம்மதிச்சுட்டாங்க. நாலாவது ஆள் தம்பிதான். ஏன்னு கேட்டா, பேயா நடிச்சது அவன்.

டிஸ்கி: சித்தி காலையில போன் பண்ணினாங்க. "பாவம்டா அவன், புடவையெல்லாம் கட்டி நடிச்சிருக்கான், ஒரு செகண்டாவது விட்டு வைக்கச் சொல்லேன்." யோசிச்சுட்டு இருக்கேன். :)